ஐம்பத்தோராவது தலை

"நூற்றுக்கு நூறு நாளும் பள்ளிக்கு வந்த மாணவி, ஒன்பது பி, டெல்மா ஷாஜன்" என்று மைக்கில் கூப்பிட்டபோது டெல்மா ஒரு காலை இழுத்து இழுத்துத்தான் மேடை ஏறினாள். இழுத்ததற்குக் காரணம் இல்லாமல் இல்லை. அந்த வருஷம் ஓணப் பரீட்சை முடிந்த கையோடு ரம்புட்டான் மரத்திலிருந்து விழுந்து, தொடையெலும்பு இரண்டாகி, பத்து வாரம் கட்டிலோடு கிடந்தவள் அவள். அந்தப் பத்து வாரமும் பதிவேட்டில் அவள் பெயருக்கு நேரே ஒரு நாள் விடாமல் வருகைச் சாய்கோடு போட்டிருந்தார்கள். நல்ல அழகான சாய்கோடு, ஸ்கேல் வைத்துப் போட்ட மாதிரி.

கேடயம் நாலு கிலோ இருக்கும். தேக்குப் பலகையில் பித்தளைத் தகடு. சேறாட்டுமுக்கு உயர்நிலைப் பள்ளிக்குச் சொந்தக்காரரான மேனேஜர் வர்க்கிச்சன் அதைத் தூக்கி அவள் கையில் வைத்தார்.

"ஒரு நாள் கூட லீவு போடல நீ. மிடுக்கி, கெட்டிக்காரி. கால்ல என்ன மோளே?"

"முறிஞ்சுது சார்."

"முறிஞ்சும் வந்தியே" என்று அவர் மைக்கில் சொல்ல, மண்டபமே கைதட்டியது. டெல்மாவும் தட்டப் பார்த்தாள், கையில் கேடயம் இருந்ததால் முடியவில்லை. வீடு திரும்பும்போது அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. இத்தனை பெரிய மனிதர்கள் வந்ததாகச் சொல்கிறார்கள், ஒருவேளை வந்துதான் இருந்தோமோ?

அம்மா செலின் பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். கேடயத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மழைக்காற்றில் படார் படாரென்று அடித்துக்கொண்டிருந்த முன்வாசல் கதவைச் சாத்தி, அடியில் அதை முட்டுக்கொடுத்தாள். கதவு அடங்கியது.

"கொள்ளாம், நல்லாத்தான் இருக்கு" என்றாள் செலின். "இப்ப சொல்லு. கட்டில்ல கிடந்த பத்து வாரத்துல நீ என்ன படிச்சே?"

"கணக்கு புஸ்தகம் முழுசும் முடிச்சேன். அப்பா கடையிலேருந்து பழைய மோட்டாரக் கொண்டு வந்து பிரிச்சுக் காட்டுனதுல கரண்ட் பாடம் முடிஞ்சுது. நீ எக்ஸ்ரே காட்டி எலும்பு பாடம் சொல்லித் தந்தே."

"ஸ்கூலுக்குத் திரும்பிப் போன பிறகு?"

டெல்மா நேர்மையான பிள்ளை. நன்றாக யோசித்துச் சொன்னாள். "ஆண்டு விழாவுக்கு மூணு வாரம் தோரணம் கட்டினோம். மந்திரிக்காக ஒரு நாள் ரோட்டோரம் நின்னோம். மந்திரி வரல. அதனால இன்னொரு நாளும் நின்னோம்."

அப்படித்தான் அந்த யோசனை பிறந்தது. பத்தாம் வகுப்பை வீட்டிலிருந்தே படித்து, திறந்தநிலைப் பள்ளி வழியாகப் பரீட்சை எழுதிவிடலாம். டெல்மா இரண்டு நாள் சாப்பிடாமல் யோசித்தாள். பள்ளி வாசலில் விற்கும் உப்பு நெல்லிக்காயை விட வேண்டும், பக்கத்து பெஞ்சு சினிமோளை விட வேண்டும். ஆனால் ஒரு விஷயம் முழுசாகப் புரிந்தால் எப்படி இருக்கும் என்பது கட்டிலில் கிடந்தபோது அவளுக்குத் தெரிந்துபோயிருந்தது. அது தெரியாமலே இருந்திருந்தால் பள்ளியில் சுகமாக இருந்திருக்கலாம்.

கோட்டயத்தில் இருக்கும் படிப்பு மையத்தில் விசாரித்தார்கள். ஜூன் எட்டாம் தேதி மாலை நாலு மணிக்குள் பெயர் பதிய வேண்டும். பதிய, பழைய பள்ளியின் டி.சி. வேண்டும். தேதி தப்பினால் ஒரு வருஷம் போச்சு. இவ்வளவுதான் விஷயம். ஒரே ஒரு காகிதம்.

அப்பா ஷாஜன் பம்புசெட் மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் சுற்றுகிறவர். எரிந்துபோன எந்த மோட்டாரையும் ஓட வைத்துவிடுவார். அந்த தைரியத்தில் மே மாதம் தலைமையாசிரியர் குரியாக்கோஸைப் பார்க்கப் போனார்.

"டி.சி.யா? எந்த ஸ்கூலுக்குப் போறா?"

"எந்த ஸ்கூலுக்கும் இல்ல சாரே. வீட்டுல இருந்து படிக்கப் போறா."

"நல்லது. வீடு எய்டடா, அன்எய்டடா?"

ஷாஜன் கொஞ்சம் யோசித்தார். "ஓடு போட்டது சாரே."

குரியாக்கோஸ் சார் படிவத்தை எடுத்து மேசையில் விரித்தார். பதினேழாவது கட்டத்தில் விரலை வைத்தார். "இங்க பாரு. போகும் பள்ளியின் பெயர். இது காலியா போனா மேலேருந்து கேள்வி வரும்."

"வீடுன்னு எழுதிருங்க."

"வீடுன்னு எழுதினா வீட்டுக்கு ஹெட்மாஸ்டர் யாருன்னு கேப்பாங்க."

"என் பொஞ்சாதி." இந்தப் பதிலுக்கு ஷாஜன் யோசிக்கவே இல்லை.

"அவளுக்கு பி.எட். உண்டா?"

"நர்ஸிங் உண்டு."

"அப்ப தகுதியில்லை. ஷாஜா, ஒரு விஷயம் விளங்கிக்கோ. வீட்டுல படிக்கணும்னா வீடு ஸ்கூலா இருக்கணும். ஸ்கூலா ஆயிட்டா அது வீடு இல்ல. வீடே இல்லாத ஒரு இடத்துல நீ எப்படி வீட்டுப் படிப்பு படிக்க வைப்பே?"

ஷாஜன் முப்பது வருஷம் மோட்டார் பிரித்தவர். இது எங்கே சுற்றி எங்கே வருகிறது என்று பிடிபடவில்லை. அவர் முழிப்பதைப் பார்த்து குரியாக்கோஸ் சாருக்கே பாவமாகிவிட்டது. எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து, குரலைத் தாழ்த்தினார்.

"உள்ளதச் சொல்லிடறேன். பத்தாம் கிளாஸ்ல மொத்தம் ஐம்பத்தொண்ணு பிள்ளைங்க. ஐம்பதுக்கு மேல ஒரு தலை இருந்தா ரெண்டு டிவிஷன். ஐம்பதே இருந்தா ஒண்ணு. ஒரு டிவிஷன் விழுந்தா ஒரு சாருக்கு வேலை போகும். ஸ்கூல் திறந்து ஆறாவது வேலை நாள் மேலதிகாரி வந்து தலை எண்ணுவார். ஜூன் எட்டு."

"என் பொண்ணு?"

"ஐம்பத்தொண்ணாவது தலை."

"வேற ஒரு பிள்ளையச் சேர்க்கக் கூடாதா சாரே?"

"எங்கேருந்து? பதினஞ்சு வயசுப் பிள்ளைய யாராவது புதுசா பெத்துத் தருவாங்களா?"

அரசாங்கம் இரண்டு காரியத்துக்கும் ஒரே தேதியை வைத்ததில் சதி ஒன்றும் கிடையாது. காலண்டரில் நாட்கள் குறைவு, அவ்வளவுதான்.

மறுநாளிலிருந்து பள்ளிக்கூடம் ஷாஜன் வீட்டுக்கு வரத் தொடங்கியது. அந்தப் பக்கத்தில் மே மாதமானால் வாத்தியார்கள் வீடு வீடாகப் பிள்ளை பிடிக்கப் போவது வழக்கம்தான். ஒன்றாம் வகுப்புக் குழந்தைக்குப் பை, குடை, சோற்றுப் பாத்திரம் எல்லாம் கொண்டுபோய்க் கொடுத்து, எங்கள் பள்ளியில் சேருங்கள் என்று கெஞ்சுவார்கள். பத்தாம் வகுப்புக்காக யாரும் கெஞ்சியதில்லை. அதனால் அவர்களிடம் பெரிய சாமான் இல்லை. டெல்மாவுக்கு வந்த பைகளில் எல்லாம் முயல் படம். குடைகளில் காது வைத்த பூனை. ஒரு வாரத்தில் ஒன்பது குடை சேர்ந்தது. "மழை ஒழுகறதுக்குக் கூட வீட்டுல இத்தனை இடமில்ல" என்றாள் செலின்.

பத்தாவது குடையோடு வந்தவர் லிஜோ சார். ஹிந்தி வாத்தியார், போன வருஷம் டெல்மாவின் வகுப்பாசிரியர். பள்ளியில் கடைசியாகச் சேர்ந்தவர் என்பதால் டிவிஷன் விழுந்தால் விழுவது அவர் தலையில். நாலு வருஷமாக அவர் நியமனத்துக்கு மேலிடம் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. சம்பளம் இல்லாமல்தான் வேலை பார்க்கிறார். பார்க்கிறார் என்று ஒரு பேச்சுக்குச் சொல்வது. செலின் அவருக்குப் புட்டும் கடலையும் வைத்தாள்.

"உன் கிளாஸ் சாரை விட்டுட்டுப் போக உனக்கு மனசு வருதா மோளே?"

டெல்மா தயங்கித் தயங்கிக் கேட்டாள். "சார், நான் போன வருஷம் பத்து வாரம் வரவே இல்லையே?"

லிஜோ சார் புட்டைப் பிசைந்துகொண்டே சிரித்தார். "எடி, அட்டெண்டன்ஸ் எடுத்தது நீயா, நானா? நீ வந்திருந்தே."

"கட்டில்ல கிடந்தேன் சார். தொடையில கம்பி போட்டு."

"மனசால வந்திருப்பே."

"பேரக் கூப்பிட்டப்போ யார் சார் பிரசன்ட் சொன்னது?"

"தினமும் பேரக் கூப்பிட்டா பீரியட் போயிடுமே. மாசக் கடைசியில மொத்தமா போட்டுருவோம்" என்றவர், கையை நிறுத்தி, தட்டைத் தள்ளி வைத்தார். "மோளே, வர்ற ஓணத்துக்கு, சிங்க மாசத்துல எனக்குக் கல்யாணம். போஸ்ட் போச்சுன்னா பொண்ணு வீட்டுல பேச்சு மாறிடும். நீ படிக்க வேண்டாம். எழுத வேண்டாம். சும்மா ஒரு தலையா இருந்தாப் போதும். அவ்வளவுதானே கேக்கறேன்?"

அவர் போன பிறகு டெல்மா சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள். "அம்மா, என்னால அந்த சாருக்கு வேலை போயிடுமா?"

"அவருக்கு வேலை வேணும்ங்கறது நியாயம்தான்" என்றாள் செலின். "ஆனா அவங்களுக்கு வேணுங்கறது உன் தலைதானே? அத மட்டும் வெட்டி அங்க வச்சுட்டு, மிச்சத்த இங்க வச்சுப் படிக்க வைக்க வழி உண்டான்னு கேளு. எனக்கு ஆட்சேபணை இல்ல."

இதற்குள் மேனேஜர் வர்க்கிச்சன் காதுக்கு விஷயம் போய்விட்டது. சேறாட்டுமுக்கில் ஒரு விஷயம் கைமீறிப் போகிறது என்றால் செய்வதற்கு ஒன்றுதான் உண்டு, கூட்டம் போடுவது. வரவேற்புரை, தலைமையுரை, தொடக்கவுரை, வாழ்த்துரை ஏழு, நன்றியுரை. கிணறு இடிந்தாலும் இந்த வரிசைதான், இடிந்த கிணற்றுக்குள் ஆள் இருந்தாலும் இந்த வரிசைதான். ஜூன் மூன்றாம் தேதி பள்ளி மண்டபத்தில் "டெல்மா பாதுகாப்புப் பேரவை" கூடியது. வாசலில் டெல்மாவின் படம் போட்ட ஃபிளெக்ஸ். "எங்கள் டெல்மா எங்களுக்கே." சந்தைக்குப் போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டு, "நம்ம ஷாஜன் பொண்ணா? எப்போ அடக்கம்?" என்று விசாரித்துக்கொண்டு போனார்கள்.

மேடை நடுவில் டெல்மாவை உட்கார வைத்தார்கள். குரியாக்கோஸ் சார் வரவேற்றார். மேடையில் இருந்த பதினொரு பேரை ஒவ்வொருவராக வரவேற்று, ஒவ்வொருவருக்கும் ஒரு ரோஜா கொடுத்தார். டெல்மாவின் முறை வந்தபோது ரோஜா தீர்ந்துவிட்டது.

தொடக்கவுரை வர்க்கிச்சன்.

"எங்க அப்பன் எதுக்கு இந்த ஸ்கூலத் தொடங்கினாரு? பிள்ளைங்க அறிவு வளரணும்னு. பிள்ளைங்க இருந்தாத்தானே டிவிஷன் உண்டு? டிவிஷன் இருந்தாத்தானே போஸ்ட் உண்டு? போஸ்ட் இருந்தாத்தானே நமக்கு..." இங்கே அவர் நிறுத்தித் தண்ணீர் குடித்தார். "நமக்கு ஒரு சேவை செய்ய முடியும்? ஒரு பிள்ளை போறதுன்னா சாதாரணமா? எனக்குச் சொந்தப் பிள்ளைங்க மூணு. மூணும் ஊட்டியில படிக்குது. நான் ஒரு நாளாவது கண்ணீர் விட்டிருப்பேனா? ஆனா இந்த டெல்மாக்குட்டி போறான்னு கேட்டதும் எனக்குத் தொண்டையில சோறு இறங்கல."

வாழ்த்துரைகள் ஒன்றை ஒன்று முந்தின. முன்னாள் தலைமையாசிரியர் ஒருவர், தான் இருந்த காலத்தில் இறந்துபோன ஒரு மாணவனைக்கூட இரண்டு வருஷம் பட்டியலிலிருந்து நீக்காமல் காப்பாற்றியதை நினைவுகூர்ந்தார். அதற்கும் கைதட்டல். பெற்றோர் சங்கத் தலைவரான கல்குவாரி கொச்சுராமன் எழுந்து, "வீட்டுல படிச்சா பிள்ளைங்களுக்கு ஒழுக்கம் எங்கேருந்து வரும்? வரிசையில நிக்கறது எங்கேருந்து வரும்? மந்திரி வந்தா யார் நிப்பா?" என்று கேட்டார்.

இரண்டே முக்கால் மணி நேரம். டெல்மாவிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. அவள் பெயர் நோட்டீஸில் கடைசி வரியில் இருந்தது. நன்றியுரை, குமாரி டெல்மா ஷாஜன்.

டெல்மா மைக்கைப் பிடித்தாள். "எல்லாருக்கும் நன்றி. எனக்கு எட்டாம் தேதிக்குள்ள டி.சி. வேணும். இல்லன்னா எனக்கு ஒரு வருஷம்..."

அதற்குள் குரியாக்கோஸ் சார் கண்ணைக் காட்ட, பின்னால் நின்ற பிள்ளைகள் தேசிய கீதத்தைத் தொடங்கிவிட்டார்கள். மொத்த மண்டபமும் விறைத்து எழுந்து நின்றது. டெல்மாவும் நின்றாள். பாட்டு முடிந்தபோது மைக்கைக் கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள்.

மண்டபத்துக்குப் பின்னால் ஷாஜன் தலைமையாசிரியரைப் பிடித்துக்கொண்டார். பிடித்ததென்றால் சட்டைக் காலரை இல்லை, கையைத்தான். ஆனால் காயில் சுற்றுகிற கை.

"சரி ஷாஜா, சரி. கைய விடு. ஒரு வழி சொல்றேன். எட்டாம் தேதி காலையில பத்து மணிக்குள்ள அவ வந்து பெஞ்சுல உட்காரட்டும். எண்ணி முடிச்சதும் டி.சி. கையில. பன்னெண்டு மணி பஸ்ஸப் பிடிச்சா மூணரைக்குக் கோட்டயம்."

"சத்தியமா?"

"நான் ஒரு ஆசிரியன்" என்றார் குரியாக்கோஸ் சார். சத்தியம் என்று அவர் சொல்லவில்லை என்பது ஷாஜனுக்கு வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது.

ஜூன் எட்டு. விடிந்ததிலிருந்து கொட்டியது மழை. சாலையில் முழங்காலளவு தண்ணீர். ஸ்கூட்டர் இரண்டு இடத்தில் நின்றது, இரண்டு இடத்திலும் ஷாஜன் அதைப் பிரித்துச் சேர்த்தார். முயல் படப் பையை மாட்டிக்கொண்டு, பூனைக் குடையைப் பிடித்தபடி, சொட்டச் சொட்ட டெல்மா பத்து பி வாசலில் வந்து நின்றபோது மணி பத்தடிக்க ஐந்து நிமிஷம்.

இரண்டாவது பெஞ்சில், சினிமோளுக்குப் பக்கத்தில், அவள் இடத்தில் வேறொரு பெண் உட்கார்ந்திருந்தாள். எண்ணெய் வைத்து வாரி, ரிப்பன் கட்டி, காய்ந்த சீருடையில்.

"இது என் இடம்" என்றாள் டெல்மா.

"நீ யாரு?"

"டெல்மா."

"நான்தான் டெல்மா" என்றாள் அந்தப் பெண், கோபமில்லாமல். பிறகு டெல்மாவின் நனைந்த முகத்தைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். "எடி, நீதான் ஒரிஜினலா? நீ வரமாட்டேன்னு சொல்லித்தான் என்னக் கூட்டி வந்தாங்க. ஆத்துக்கு அக்கரை ஸ்கூல் ஒரு நாள் முந்தித் திறந்ததால அங்க நேத்தே என்ன எண்ணி முடிச்சுட்டாங்க. இந்த வாரத்துல இது எனக்கு மூணாவது ஸ்கூல். பிரியாணி உண்டுன்னு சொன்னாரு, உண்டில்ல?"

"தெரியல."

"போன வருஷம் ஒரு ஸ்கூல்ல என்னப் பையனா உட்கார வச்சாங்க. ரெஜிமோன். அங்க பொரோட்டாதான்."

குரியாக்கோஸ் சார் வராந்தாவில் ஓடி வந்தார். டெல்மாவைத் தூணுக்குப் பின்னால் இழுத்தார்.

"மழையில நீ எங்க வரப்போறேன்னு நெனச்சு ஒரு ஏற்பாடு பண்ணிட்டோம். இனி நீ வேண்டாம். போ, போ, பின்பக்கமா போ."

"டி.சி. சார்?"

"இப்பக் கொடுத்தா பட்டியல்ல வெட்டு விழும். இன்னிக்கு எண்ணினா முடிஞ்சுதா? ஆகஸ்ட்ல மறுபடி எண்ண வருவாங்க. அது முடியட்டும். செப்டம்பர்ல வா, பொன்னாட்டம் எழுதித் தர்றேன்."

"இன்னிக்கு நாலு மணிக்கு முடியுது சார்."

"உனக்கு என்ன வயசு? ஒரு வருஷம் போனா என்ன, தலையா போயிடும்?" என்று சொல்லிவிட்டு, ஜீப் சத்தம் கேட்டு வாசலுக்கு ஓடினார்.

டெல்மா தூணோரம் நின்றாள். ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு ஷாஜன் கேட்டருகே மழைக்கு ஒதுங்கி, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது தெரிந்தது. பின்பக்கமாகப் போனால் அப்பாவிடம் சொல்ல வேண்டும். என்ன சொல்வது? நான் ஏற்கனவே உள்ளே உட்கார்ந்திருக்கிறேன் என்றா?

அவள் பின்பக்கமாகப் போகவில்லை. வகுப்புக்குள் போய், இரண்டாவது பெஞ்சின் ஓரத்தில், எண்ணெய்த் தலைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தாள். பெஞ்சு நனைந்தது.

"எடி, பிரியாணி ஒரு ஆளுக்குத்தான் சொல்லியிருப்பாங்க" என்று கவலைப்பட்டாள் அந்தப் பெண்.

தலை எண்ண வந்த அதிகாரி சத்யவ்ரதன் மிகவும் கண்டிப்பானவர். மற்ற அதிகாரிகளைப் போல் வாசலில் நின்று கண்ணால் எண்ணிவிட்டுப் போகமாட்டார். ஒவ்வொரு தலையையும் பென்சிலால் தொட்டுத்தான் எண்ணுவார். ஏ பிரிவில் இருபத்தைந்து. பி பிரிவில் லிஜோ சார் பதிவேட்டைக் கையில் பிடித்தபடி நின்றார். பென்சில் தொட்டுத் தொட்டு வந்தது. கடைசித் தலையில் நின்றது.

"இருபத்தேழு. மொத்தம் ஐம்பத்திரண்டு. பட்டியல்ல ஐம்பத்தொண்ணு. குறைஞ்சு பார்த்திருக்கேன் சாரே. கூடிப் பார்த்ததில்ல. பேரக் கூப்பிடுங்க."

லிஜோ சாருக்குப் பெயர் கூப்பிட்டுப் பழக்கமில்லை. தட்டுத் தடுமாறிக் கூப்பிட்டார். "டெல்மா ஷாஜன்."

"பிரசன்ட் சார்" என்றாள் எண்ணெய்த் தலைக்காரி. தொழில் சுத்தம்.

"பிரசன்ட் சார்" என்றாள் டெல்மா. அந்தப் பள்ளியில் ஒன்பது வருஷத்தில் அவ்வளவு சத்தமாக அவள் எதையும் சொன்னதில்லை.

சத்யவ்ரதன் ஒரு தலையைத் தொட்டார், இன்னொரு தலையைத் தொட்டார். ஒன்று எண்ணெய், ஒன்று தண்ணீர்.

"இதென்ன?"

குரியாக்கோஸ் சாருக்கு முப்பத்திரண்டு வருஷ சர்வீஸ். இவள் டெல்மா என்றால் அவள் யார் என்று கேள்வி வரும், அவள் டெல்மா என்றால் இவள் யார் என்று வரும். இரண்டில் எதைச் சொன்னாலும் பென்ஷன் போகும். அவர் மூன்றாவதைச் சொன்னார்.

"ரெண்டு டெல்மா சார். ரெண்டு ஷாஜனோட பொண்ணுங்க. இந்த ஊர்ல நீங்க கல்ல விட்டெறிஞ்சா ஏதாவது ஒரு ஷாஜன் மேலதான் விழும். அந்த ரிப்பன் கட்டின டெல்மா இங்க படிக்கறவ. இந்த நனைஞ்ச டெல்மா போன மாசமே டி.சி. வாங்கிட்டுப் போயிட்டா."

"போனவ எதுக்கு வந்து பெஞ்சுல உட்கார்ந்திருக்கா?"

"ஸ்கூல் மேல உள்ள பாசம் சார்."

சத்யவ்ரதன் டெல்மாவைப் பார்த்தார். முடியிலிருந்து மூக்கு வழியாகச் சொட்டிக்கொண்டிருந்தது. அவருக்குக் கண் கலங்கியது. ஆனால் கண்டிப்பானவர். "உண்மையா மோளே? டி.சி. வாங்கிட்டியா?"

வகுப்பே டெல்மாவைப் பார்த்தது. லிஜோ சார் பதிவேட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, கடவுளைப் பார்ப்பதுபோல் அவளைப் பார்த்தார்.

"இன்னும் கையில கிடைக்கல சார்" என்றாள் டெல்மா. "எழுதி வச்சிருக்காங்க. இன்னிக்குத் தர்றேன்னு ஹெட்மாஸ்டர் சார் சொன்னார். அவர் ஒரு ஆசிரியர்."

"அப்ப கொண்டு வாங்க. நான் பார்க்காம போகமாட்டேன்."

குரியாக்கோஸ் சார் அறைக்கு ஓடினார். எழுதுவதற்கு மொத்தம் ஆறு நிமிஷம் ஆனது. மே முப்பது என்று தேதி போட்டார். பதிவு எண்ணில்தான் சிக்கல். டெல்மாவின் எண் 8417. அது பட்டியலில் இருக்கும் டெல்மாவுக்கு வேண்டும். கொஞ்சம் யோசித்து 8417/ஏ என்று எழுதினார். பதினேழாவது கட்டம் வந்ததும் பேனா நின்றது. பிறகு, வேறு எதுவும் தோன்றாமல், வீடு என்று எழுதி முத்திரை குத்தினார்.

சத்யவ்ரதன் ஒவ்வொரு வரியாகப் படித்தார். மை இன்னும் காயவில்லை. "மழைக்காலம் சார், எதுவும் காயறதில்ல" என்றார் குரியாக்கோஸ் சார். அது நியாயமாகப் பட்டது.

"8417/ஏ. ஏ போட்டிருக்கீங்க. அப்ப குழப்பம் இல்ல. ரெண்டும் வேற வேற ஆள்தான். போகும் பள்ளி, வீடு. ம். ஊர்ப் பேரா?"

"ஆமா சார்" என்றார் குரியாக்கோஸ் சார்.

அதிகாரி டி.சி.யின் அடியில் சரிபார்க்கப்பட்டது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பார்வையாளர் புத்தகத்தை வரவழைத்து இதையும் எழுதினார்: "இப்பள்ளியை விட்டுச் சென்ற மாணவியரும் கொட்டும் மழையில் திரும்பி வந்து தம் பழைய இருக்கையில் அமர்கின்றனர். இத்தகைய பிணைப்பை என் பணிக்காலத்தில் வேறெங்கும் கண்டதில்லை. பத்தாம் வகுப்பில் ஐம்பத்தொன்று. இரண்டு டிவிஷன்."

டெல்மா காகிதத்தை வாங்கி, சட்டைக்குள் வைத்து, பூனைக் குடையை விரித்துக்கொண்டு ஓடினாள். பன்னிரண்டு மணி பஸ் மழையில் பன்னிரண்டே காலுக்கு வந்தது. கோட்டயத்தில் படிப்பு மையத்தின் குமாஸ்தா கதவைச் சாத்தப் போனவர், மணியைப் பார்த்துவிட்டுத் திறந்தார். மூன்று ஐம்பத்திரண்டு. காகிதத்தை ஒருமுறை பார்த்தார்.

"8417/ஏ. வீடு. சரி" என்றார். முத்திரை விழுந்தது. அரை நிமிஷம்.

அந்த வருஷம் வீட்டில் நன்றாகவே போயிற்று. செலின் டியூட்டி முடிந்து வந்து உயிரியல் சொல்லிக் கொடுத்தாள். பகலில் கடையில் அப்பாவோடு உட்கார்ந்து டெல்மா மோட்டாருக்குக் காயில் சுற்றினாள், சுற்றிக்கொண்டே இயற்பியல் கேட்டாள். சினிமோள் ஞாயிற்றுக்கிழமைகளில் உப்பு நெல்லிக்காயோடு வந்து, தன் கணக்குப் பாடத்தை இவளிடம் கேட்டுப் படித்துவிட்டுப் போனாள்.

பிப்ரவரி மாதம் ஒரு சாயங்காலம் லிஜோ சார் வந்தார். கல்யாணம் முடிந்து கொஞ்சம் சதை போட்டிருந்தார். போஸ்ட் நிலைத்துவிட்டது, சம்பளமும் வரப்போவதாகப் பேச்சு. கையில் துணியில் சுற்றிய ஏதோ ஒன்று, தூக்க முடியாமல் தூக்கி வந்தார்.

"ஆண்டு விழா நேத்து. மேடையில கூப்பிட்டோம். ஆள் வரல. அதான் நானே கொண்டு வந்தேன்." துணியைப் பிரித்தார். தேக்குப் பலகை, பித்தளைத் தகடு. நூற்றுக்கு நூறு நாளும் பள்ளிக்கு வந்த மாணவி, பத்து பி, டெல்மா ஷாஜன்.

டெல்மா அதைத் தடவிப் பார்த்தாள். "எப்படி சார் படிக்கறா உங்க பட்டியல் டெல்மா?"

"நல்ல பிள்ளை" என்றார் லிஜோ சார், மனதாரச் சொன்னார். "ஒரு நாள் லீவு கிடையாது. ஒரு சத்தம் கிடையாது. ஒரு சந்தேகம் கேட்டதில்ல. இது மாதிரி ஒரு அம்பது பிள்ளைங்க இருந்தா ஸ்கூல் எங்கேயோ போயிடும்."

செலின் அவருக்குச் சாயா கொடுத்தாள். கேடயத்தை எடுத்துக்கொண்டு அடுக்களைப் பக்கம் போய், காற்றில் அடித்துக்கொண்டிருந்த பின்வாசல் கதவைச் சாத்தி முட்டுக்கொடுத்துவிட்டு வந்தாள்.

"அடுத்த வருஷம் வேண்டாம்னு சொல்லிடுங்க சாரே" என்றாள். "எங்க வீட்டுக்கு ரெண்டு வாசல்தான்."